திருக்கையின் வலது இறக்கை

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் சுருக்கென்றது. அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும் என்று அப்படியே விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறார். உன் வீட்டுக்காரர் எடுத்து, "தூங்குறா" என்கிறார். மனுஷி இப்படியா தூங்குவாள் என்று போன வாரம் நானே போனைப் பிடுங்கிக் கேட்டேன். அவர் பாவம், மென்று விழுங்கி உண்மையைச் சொல்லிவிட்டார். பக்கவாதம் வந்ததிலிருந்து உனக்கு நாக்குக் குழறுகிறதாம். அதை நாங்கள் கேட்கக் கூடாதாம். என்னிடம் உனக்கு என்ன வெட்கம்? நான் உன் அண்ணன் பெண்டாட்டி. நீ ஜுரத்தில் உளறினதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள். சரி, பேச வேண்டாம். இடது கையால் மளிகைச் சீட்டு எழுதுகிறாயாமே? அப்படியானால் எனக்கும் எழுது.

சும்மா எழுதச் சொல்லவில்லை, ஒரு வேலை இருக்கிறது. நம் பாப்பா ஜூன் மாதம் குழந்தைகளுக்கான படிப்பறை திறக்கிறாள். வாடகைக்கு ஒரே ஒரு ஹால், நீளமான வெள்ளைச் சுவர், கோடியில் ஒரு ஜன்னல். அந்தச் சுவரில் மாட்ட ஒரு படம் வரைந்திருக்கிறாள். திருக்கை மீன், முதுகெல்லாம் நட்சத்திரம், ஆகாயத்தில் நீந்துகிறது. "கடல் மீனுக்கு ஆகாயத்துல என்னடி வேலை?" என்றேன். "அதுக்குத்தான் இறக்கை இருக்கில்லம்மா, பறந்துட்டுப் போகட்டும்" என்கிறாள். அம்மாவும் அத்தையும் சேர்ந்து நூலால் தைத்துத் தர வேண்டுமாம். இரண்டு துணி, ஆளுக்கு ஓர் இறக்கை. முதுகுத்தண்டில் சேர்த்துத் தைத்துவிடலாம். இடது இறக்கை எனக்கு, வலது உனக்கு.

முதுகுக்குக் கத்தரிப்பூ நிறம், ஓரமெல்லாம் வெள்ளி ஜரிகை, நட்சத்திரத்துக்குத் தங்கச் சமிக்கி என்று யோசித்திருக்கிறேன். சரியா சொல்.

உன் அண்ணி

*

ஜனவரி 27

அண்ணி,

எழுத்து கோணல். முடிந்தவரை படியுங்கள்.

சமிக்கி, ஜரிகை இரண்டும் வேண்டாம். அது மீனா, பேண்டு வாத்தியக்காரர் சட்டையா? கத்தரிப்பூவும் வேண்டாம்.

துணி கருநீலம். பட்டு நூல், இரண்டு இழை. இறக்கையின் வெளி ஓரம் மயில் கழுத்து. உள்ளே வர வர சாம்பல் கலந்த நீலம், தண்டுக்குப் பக்கத்தில் மைநீலம். நீளமும் குட்டையுமாகத் தையல் போட்டு ஒன்றை இன்னொன்றில் கரைக்க வேண்டும், கோடு தெரியக் கூடாது. ஓரத்தில் வெளிர் எலுமிச்சை ஒரே வரி, காம்புத் தையல். வால் அதே தையலில், நூல் மட்டும் ஒற்றை இழை. நட்சத்திரம் எல்லாம் முடிச்சுத் தையல். எல்லாம் வெள்ளை வேண்டாம், வெள்ளையாகப் போட்டால் பொடுகு மாதிரி இருக்கும். முத்து வெள்ளை நிறைய, பழுப்பு மஞ்சள் கொஞ்சம், வெளிறின ரோஜா எங்காவது ஒன்று.

நிறம் மட்டும்தான் சொன்னேன். நான் தைப்பதாகச் சொல்லவில்லை. இரண்டு இறக்கையையும் நீங்களே போடுங்கள்.

உங்களிடம் என்ன வெட்கம் என்று கேட்டீர்கள். போன வாரம் மருந்துக் கடையில் மாத்திரை பெயர் சொன்னேன். கடைக்காரர் என்னைத் தாண்டி இவரைப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்றார். அந்த வெட்கம்தான்.

*

பிப்ரவரி 5

அன்புள்ள நாத்தனாருக்கு,

பார்சலைப் பிரித்துத் திட்டியிருப்பாய், திட்டு. துணியும் நூலும் உன் பங்குக்கு அனுப்பியாகிவிட்டது. எனக்கும் அதே கடை, அதே எண், அதே கட்டிலிருந்து எடுத்த நூல். எண்ணைச் சீட்டில் எழுதிக் கட்டியிருக்கிறேன்.

நூல் வாங்கின கதையைக் கேள். கடைக்குள் டியூப் லைட்டில் மைநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு கண்டாக வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தேன். கடைக்காரர் மூன்றாவது தடவை, "அம்மா, நூல் எங்கயும் ஓடிடாது, நீங்களும் ஓடிடாதீங்க" என்றார். மானம் போயிற்று. ஆனாலும் நீ சொன்ன மயில் கழுத்து கிடைக்கிறவரை விடவில்லை.

நான் போட்டால் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். ஏற்றுமதிக் கம்பெனியில் மாதிரி போட்ட கை உன்னுடையது. நீ போட்டுக் காட்டும் மாதிரியைப் பார்த்துத்தான் அங்கே நூறு பேர் தைத்தார்கள். நான் தலையணை உறை கேஸ். பாப்பா ஊரெல்லாம், "ஒரு இறக்கை எங்க அத்தை போடுறாங்க" என்று தம்பட்டம் அடித்தாகிவிட்டது. முடியவில்லை என்றால் துணியைத் திருப்பி அனுப்பு. ஆனால் ஓர் ஊசிகூடக் குத்தாமல் அனுப்பாதே.

அண்ணி

*

மார்ச் 14

அண்ணி,

குத்திவிட்டேன்.

இவர் ஒயரிங் வேலைக்கு வைத்திருக்கும் இடுக்கியால், துணி மாட்டும் ரிங்கை மேஜை விளிம்பில் இறுக்கிக் கொடுத்தார். வலது கை மடியில் கிடக்கிறது, இடது கை மேலும் கீழும் போய் வருகிறது. ஊசியில் நூல் கோக்க வரவில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன் இவரே கோத்து, ஒரு சோப்புக் கட்டியில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போகிறார். முதல் நாள் மைநீலம் கேட்டால் பச்சையைக் கோத்து வைத்திருந்தார். இப்போது தேறிவிட்டார்.

போடுவதும் பிரிப்பதுமாக இருக்கிறேன். பதினெட்டு வருஷம் மாதிரி போட்டவள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். அவள் பார்த்துவிடுவாளோ என்று மேஜை மேல் துண்டை விரித்துப் போட்டேன். இடுக்கி துருத்திக்கொண்டு நின்றது. "என்ன, மாவு மிஷினா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வால் பக்கம் ஒரு நட்சத்திரம் கோணலாகப் போய்விட்டது. அதை மட்டும் பிரிக்கவில்லை. பழுப்பு மஞ்சள்.

ஒன்று கேட்கிறேன். என் இறக்கை உங்களுடையது மாதிரி இருக்காது. காரணம் இப்போது சொல்ல மாட்டேன். சேர்த்துத் தைத்து அந்தச் சுவரில் மாட்டுகிறவரை அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, நீங்களும்தான். வாக்குக் கொடுங்கள்.

*

மார்ச் 20

வாக்குக் கொடுத்தேன். போதுமா? உன் அண்ணன் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன், அவர் பக்கத்தில்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறார்.

உன் கடிதம் இந்தத் தடவை ஒரு பக்கம் முழுக்க இருந்தது. கவனித்தாயா?

அண்ணி

*

ஏப்ரல் 28

அண்ணி,

இதோடு இறக்கை வருகிறது.

எப்படி என்று தெரியவில்லை. நல்லது கெட்டது தெரிகிற கண் எனக்கு இருந்தது, இப்போது அதையும் நம்ப முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். இந்தக் கை இனிமேல் வேலை செய்யும் கையா, சோறு பிசையும் கை மட்டுமா என்று இதை வைத்துத்தான் எனக்குத் தெரிய வேண்டும். பொய் சொல்லாதீர்கள். மாட்டின பிறகு சொல்லுங்கள்.

*

மே 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

ரொம்ப நன்றாக இருக்கிறது. மாட்டின பிறகுதான் சொல்ல வேண்டும் என்றாய், ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. ரொம்ப ரொம்ப நன்றாக இருக்கிறது. இடது கையால் போட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பார்த்துவிட்டு உன் அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார், கண் கலங்கியிருக்கும்.

லேசாக இஸ்திரி போட்டேன். சேர்த்துத் தைக்க இன்னும் சில நாள் ஆகும். ஓரம் கொஞ்சம் சரி செய்ய வேண்டும். பெரிதாக ஒன்றுமில்லை, துணி ஓரம்தான். நீ கவலைப்படாதே. நன்றாக இருக்கிறது என்று சொன்னேனா? சொல்லிவிட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் நிறையக் குடி.

அண்ணி

*

மே 17

அண்ணி,

உங்கள் கடிதத்தை இவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பிறகு நானும் படித்தேன். பிறகு அவரை மறுபடி படிக்கச் சொன்னேன். "மனப்பாடம் ஆயிடுச்சு, விடு" என்கிறார்.

நீங்கள் வாக்கு மீறினதற்குத் திட்ட வேண்டும். திட்ட வரவில்லை. நேற்று மருந்துக் கடையில் நானே மாத்திரை பெயர் சொன்னேன். கடைக்காரர் இவரைப் பார்த்தார். நான் மேஜையைத் தட்டி மறுபடி சொன்னேன். எடுத்துக் கொடுத்துவிட்டார்! வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் ஏதோ பேசிக்கொண்டே வந்தேனாம். இவருக்குப் பாதி புரியவில்லையாம், ஆனாலும் போதும் என்று சொல்ல மனசு வரவில்லையாம்.

கேளுங்கள். கம்பெனியில் மாதிரிப் பிரிவில் இன்னும் அதே சூப்பர்வைசர் அம்மாதான் இருக்கிறார். வீட்டுக்கே கொண்டுவந்து சின்னச் சின்ன மாதிரி போட்டுத் தரலாம், இரண்டு பேர் அப்படிச் செய்கிறார்கள். போய்க் கேட்கப் போகிறேன். வெறுங்கையோடு போனால், ஐயோ பாவம் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இறக்கை கையில் இல்லை. மாட்டினதும் பாப்பாவிடம் அதை நல்ல படமாக எடுத்து, பெரிசாகப் பிரிண்ட் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கொண்டுபோகிறேன்.

திறப்பு விழாவுக்கு வரவில்லை. அவ்வளவு தைரியம் இன்னும் வரவில்லை.

*

ஜூன் 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

திறப்பு விழா நன்றாக நடந்தது. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம், நாற்காலி போதவில்லை. எல்லோரும் மீனைத்தான் பார்த்தார்கள். பாப்பா மைக்கைப் பிடித்து, வலது இறக்கை அத்தை இடது கையால் போட்டது என்று சொன்னதும் கைதட்டினார்கள். நான் பின்னால் போய்க் காகிதக் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பாப்பா படம் அனுப்பச் சொல்லி நச்சரிக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன்.

ஆனால் கம்பெனிக்கு இப்போதே போக வேண்டுமா? உடம்பு தேறட்டும், மழைக்காலம் முடியட்டும். படத்தில் தையல் எல்லாம் சரியாகத் தெரியாது. அவர்களுக்கு நேரில் பார்த்தால்தானே தெரியும்? அவசரப்படாதே என்றுதான் சொல்கிறேன். எனக்காகக் கொஞ்சம் பொறு.

அண்ணி

*

ஜூலை 3

அண்ணி,

கம்பெனிக்குப் போய் வந்தேன்.

இவரை வெளியே கேட்டில் நிற்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். மாதிரிப் பிரிவில் பாதிப் பேர் புதிசு. சூப்பர்வைசர் அம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நான் பேசவில்லை, படத்தை நீட்டினேன். பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நீ போட்டதா?"

"ஆமா" என்றேன். அந்த வார்த்தை குழறாமல் வந்தது.

"இடது கையிலயா?"

"ஆமா."

"அடேயப்பா!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ஒரு ரிங்கில் துணி மாட்டி, "சும்மா ரெண்டு வரி போடு, இதுங்களும் பாக்கட்டும்" என்றார். மேஜையில் இடுக்கி இல்லை. ரிங் வழுக்கிக்கொண்டு ஓடியது. பக்கத்து ஸீட் பெண் பிடித்துக்கொண்டாள். இரண்டு வரி போட்டேன்.

அவர் துணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். துணியில் என் தையல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, படத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கை ஊசி எந்தப் பக்கம் சாயும், வலது கை ஊசி எந்தப் பக்கம் சாயும் என்று அந்த அறையில் தெரியாதவர்கள் இல்லை. சூப்பர்வைசர் அம்மா படத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார். ஒரு திட்டு திட்டியிருந்தால்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். தண்ணீரையும் குடித்தேன், வலது பக்கக் கடைவாயில் வழிந்தது, அந்தப் பெண் துடைத்துவிட்டாள்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. என் இறக்கை எங்கே அண்ணி? என் கோணல் நட்சத்திரம் எங்கே?

எதற்காக மாட்டுகிறவரை பேசாதீர்கள் என்றேன் தெரியுமா? பட்டு நூல், சாய்கிற பக்கத்தைப் பொறுத்து வெளிச்சம் வாங்கும். ஒரே நூல் ஒரு பக்கம் சாய்ந்தால் வெளுக்கும், மறு பக்கம் சாய்ந்தால் இருளும். முதலில் நானும் நிறம் போய்விட்டதே என்று அழுதேன். பிறகு ஒரு நாள் ஜன்னலைத் தாண்டி நடந்தபோது பார்த்தேன், துணி என்னோடு சேர்ந்து நிறம் மாறியது. உங்கள் இறக்கை ஒரு சாய்வு, என்னுடையது எதிர்ச் சாய்வு. பாப்பாவின் ஹாலில் ஒரு குழந்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் ஓர் இறக்கை வெளுத்து மற்றது இருளும், பிறகு இது வெளுத்து அது இருளும். மீன் இறக்கை அடிக்கும். இரண்டு கையும் நன்றாக இருந்தபோது எனக்கு இது தோன்றியதில்லை.

பாப்பா கேட்டது பறக்கிற மீன். நீங்கள் இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறீர்கள்.

இனிமேல் எழுதாதீர்கள்.

*

ஜூலை 10

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், படிக்காவிட்டால் கிழித்துப் போடு.

பிரித்தேன். நான்தான் பிரித்தேன்.

உன் பார்சல் வந்த அன்று இரண்டு துணியையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். என்னுடையது நீலம், உன்னுடையது சாம்பல். ஒரே எண், ஒரே கட்டு நூல், ஆனால் இரண்டு நிறம். உன் வீட்டுக்காரர் ஏதோ நூலை மாற்றிக் கோத்துவிட்டார், நீ கவனிக்கவில்லை என்று நானே முடிவு கட்டினேன். சேர்த்து மாட்டும்வரை பேசாதே என்று நீ எழுதியதையும், பாவம், தன் வேலை சரியில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் நோகும் என்று கேட்கவில்லை. உன்னை நோகடிக்கக் கூடாது என்று நினைத்து என்ன செய்து வைத்திருக்கிறேன் பார்.

பாப்பா அழைத்த பெரிய மனுஷர்களெல்லாம் வந்து, ஓர் இறக்கை இப்படி ஓர் இறக்கை அப்படி என்று உச்சுக்கொட்டப் போகிறார்களே, உன்னைப் பற்றிப் பாவம் என்று பேசப் போகிறார்களே என்று மனசு அடித்துக்கொண்டது. உன் அண்ணன் வேலைக்குப் போன பிறகு சின்னக் கத்தரிக்கோலை எடுத்தேன். அவர் கண் கலங்கினதாக எழுதினேனே, அதுவும் பொய். அவர் பார்த்துவிட்டு, "வேற மாதிரி இருக்கே" என்றார், அவ்வளவுதான். வெளியே போனது சிகரெட் பிடிக்க.

இன்னும் இருக்கிறது. உன் வேலைக்குப் பக்கத்தில் என் வேலை எப்போதும் பல்லிளிக்கும். பிரித்துவிட்டு உன் இறக்கையை நான் போட்டு முடித்த அன்று நிமிர்ந்து பார்த்தேன். அவளைவிட நன்றாகப் போட்டிருக்கிறேன் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். கை விழுந்து கிடப்பவளோடு போட்டி போட்டு ஜெயித்திருக்கிறேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. உன் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முழுக்கப் பிரிக்க முடியவில்லை. இறக்கையின் நுனியில் ஒரு விரல் அகலத்துக்கு உன் தையல் மிச்சம் இருக்கிறது. அங்கே நீ அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தாய், துணி கிழிந்துவிடும் போல இருந்தது. ஓரத்துப் பட்டியை மடித்து அதற்கு மேல் வைத்துத் தைத்து மறைத்துவிட்டேன். உன் கடிதம் வந்ததும் படிப்பறைக்கு ஓடி, அந்தப் பட்டியைப் பிரித்து, ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன். உன் நுனி சாம்பல், நான் போட்டது நீலம். துணியைப் பக்கவாட்டில் திருப்பினேன். உன்னுடையது நீலமானது, என்னுடையது சாம்பலானது. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அண்ணி என்று போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

*

ஆகஸ்ட் 2

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. "மைக்குல சொன்னேனேம்மா, அத்தை இடது கையில போட்டதுன்னு. நீ அங்கதானே நின்ன" என்று மட்டும் கேட்டாள். நான் காகிதக் கப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா என்பதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை.

மீனை இறக்கிவிட்டோம். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. பிள்ளைகள் மீன் எங்கே என்று கேட்கிறார்கள்.

வலது பக்கம் நான் போட்டதையெல்லாம் பிரித்துத் துணியை வெறுமையாக்கி உனக்கு அனுப்பட்டுமா? நூலும் புதிதாக வாங்கி அனுப்புகிறேன். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன். சூப்பர்வைசர் அம்மா முன்னால் வந்து நின்று, நான் செய்தது என்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். நீ ஏதாவது ஒன்று சொல், அது போதும்.

அண்ணி

*

ஆகஸ்ட் 16

அண்ணி,

கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். மறுபடி எதையும் பிரிக்க வேண்டாம்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. இவரிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதை உங்களிடம்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது.

கம்பெனியில்தான் விளங்கியது என்று எழுதினேனே, அது பொய். ஜூன் மாதம் தபாலில் படம் வந்த அன்றே தெரிந்துவிட்டது. உறையிலிருந்து பாதி உருவும்போதே தெரிந்தது. நான் போட்ட தையல் எனக்குத் தெரியாதா? கோணல் நட்சத்திரம் இல்லை, இரண்டு இறக்கையும் ஒரே மாதிரிப் பளபளத்தன. வாய்விட்டு அழலாம் என்று இருந்தது. இவர், "எப்படி இருக்கு?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். என்னுடையதைவிட இது சுத்தமாக இருந்தது. சுத்தமான வேலைக்குத்தான் கம்பெனியில் மதிப்பு. இதைக் காட்டினால் வேலை கிடைக்கும், என்னுடையதைக் காட்டினால் டீ கிடைக்கும். அதனால் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். தெரிந்தேதான் போனேன். "நீ போட்டதா?" என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டபோது, குழறாமல் வந்ததே அந்த ஆமா, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பத்து நாள் சொல்லிப் பழகினது.

உங்களை அவ்வளவு திட்டி எழுதினேன். உங்கள் மேல் கோபம் இருந்தது நிஜம், இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்த கோபத்தில் பாதி என் மேல் வந்தது, அதையும் சேர்த்து உங்கள் தலையில் கொட்டினேன். எனக்குத் தண்ணீர் கொடுத்தார்களே, நான் பொய் சொன்னேன் என்று தெரிந்துதான் கொடுத்தார்கள். என் கை போய்விட்டது என்பதற்காக மாதிரிப் பிரிவில் நான் தலைகுனியவில்லை. பதினெட்டு வருஷம் அடுத்தவர் தையல் ஒன்றைக்கூட என்னுடையது என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன், அதற்காகத்தான் குனிந்தேன். இன்னும் நிமிரவில்லை.

நீங்கள் வர வேண்டாம். சூப்பர்வைசர் அம்மா முன்னால் வந்து நிற்கவும் வேண்டாம். அது நான் போய் நிற்க வேண்டிய இடம். மன்னித்தேன் என்று எழுதவும் இப்போது வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

ஒரு காரியம் செய்யுங்கள். நுனியில் என் தையல் ஒரு விரல் அகலம் மிச்சம் இருக்கிறது என்றீர்களே, அதை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். உங்களுடையது எதுவும் அதில் வரக் கூடாது. அங்கே இரண்டு தையல் நீளமாகப் போயிருக்கும், ஓர் இடத்தில் நூல் தளர்ந்திருக்கும். அதெல்லாம் தெரியட்டும். அதைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்து, இதுதான் நான் போட்டது என்று சொல்லப் போகிறேன். குழறினால் குழறட்டும்.

டியூப் லைட்டில் எடுக்காதீர்கள். காலையில் ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள்.